வறட்சியைத் தாங்குமா கிழங்குப் பயிர்கள்? உயிர் ஊக்கிகள் தரும் நம்பிக்கையும் சட்டம் கேட்கும் சான்றும்

புதுடெல்லி: மழைக்கணக்கின் மொத்த எண் சில ஆண்டுகளில் விவசாயியின் இழப்பை மறைத்துவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை, நீண்டகால சராசரியில் 94 சதவீதத்துடன் நிறைவடைந்தது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய பாதிப்பு இல்லை என்றே தோன்றும். ஆனால், ஜூலையில் இயல்பைவிட 13 சதவீதம் கூடுதலாகப் பெய்த மழை, ஆகஸ்டில் 36 சதவீதம் குறைந்துபோனது. 1901-ஆம் ஆண்டுக்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் மாதம் அதுவே. நடவு முடிந்து, களையெடுத்து, உரமும் இட்ட பிறகு வரும் இத்தகைய மழையற்ற வாரங்களை வேளாண் துறையினர் இடைவறட்சி என்கின்றனர்.

இந்த வாரங்களைப் பயிர் கடந்து செல்ல உதவும் என்ற வாக்குறுதியுடன் விற்பனைக்கு வருபவையே உயிர் ஊக்கிகள். உரக்கடைகளில் 'பயோஸ்டிமுலன்ட்' என்றும், பேச்சு வழக்கில் பயிர் டானிக் என்றும் இவை அறியப்படுகின்றன. கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், அமினோ அமிலம், தாவரச் சாறு என்று இவற்றின் மூலப்பொருட்கள் பல. நாட்டில் சுமார் 30,000 உயிர் ஊக்கிப் பொருட்கள் பல ஆண்டுகளாக உரிய கட்டுப்பாடு இன்றி விற்கப்பட்டு வந்ததாக மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சவுகான் 2025 ஜூலையில் தெரிவித்தபோது, இந்தச் சந்தையின் பரப்பு பலருக்கும் முதன்முறையாகத் தெரிய வந்தது.

மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி போன்ற மண்ணுக்குள் விளையும் பயிர்களுக்கு இவை உண்மையிலேயே உதவுமா? உதவும் என்பதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஆனால் அந்த உதவி, உரிய காலத்தில், உரிய மண்ணில், ஓரளவாவது ஈரம் இருக்கும்போது மட்டுமே கிடைக்கிறது. மழை பொய்த்த பிறகு கடைக்கு ஓடும் விவசாயிக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால், ஏற்கெனவே விளைச்சலை இழக்கும் அவர் கையிலுள்ள பணத்தையும் இழக்க நேரிடும்.

வேரே விளைச்சலாகும்போது

நெல், கோதுமை போன்ற தானியப் பயிர்களில் வேர் என்பது விளைச்சலுக்கான வழி. கிழங்குப் பயிர்களில், செடி மண்ணுக்குள் சேமித்து வைப்பதே விளைச்சல். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றில் பருத்து வளர்வது வேர்ப்பகுதி. உருளைக்கிழங்கில் பருப்பது மண்ணுக்குள் இருக்கும் தண்டின் நுனி. எதுவாக இருந்தாலும், இலைகள் தயாரிக்கும் சர்க்கரை கீழே இறங்கிச் சேர வேண்டும். வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் சர்க்கரை உற்பத்தியே குறைகிறது.

பாதிப்பு எந்தப் பருவத்தில் நேர்கிறது என்பது இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. மரவள்ளியில் நடவு செய்த முதல் மாதம் முதல் ஐந்தாம் மாதம் வரையிலான காலமே மிக நுட்பமானது. எத்தனை வேர்கள் கிழங்காக மாறும் என்பது அப்போதுதான் முடிவாகிறது. இக்காலத்தில் குறைந்தது இரண்டு மாதங்கள் நீர்ப் பற்றாக்குறை நீடித்தால், கிழங்கு விளைச்சல் 32 முதல் 60 சதவீதம் வரை குறையக்கூடும் என்பது பயிர் உடலியல் ஆய்வுகளின் முடிவு. வேர்கள் ஆழமாகச் செல்லாத உருளைக்கிழங்கு, கிழங்கு பிடிக்கும் பருவத்தில் ஈரம் குறைந்தால் எண்ணிக்கையிலும் தரத்திலும் பின்தங்குகிறது. அப்பருவத்தில் மண் வறண்டிருந்தால் தோலில் சொறி நோயும் எளிதில் பரவும். நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென மழை பெய்தால் கேரட் வெடித்துவிடுகிறது. முள்ளங்கி நார்பிடித்துக் காரம் ஏறுகிறது.

மரவள்ளி வறட்சியைத் தாங்கும் பயிர் என்று பெயர் பெற்றதற்குக் காரணம், அது இலைகளை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும் தன்மை. ஆனால் மழை திரும்பியதும் புதிய இலை விடுவதற்கான சக்தியைக் கிழங்கில் சேமித்த மாவுச்சத்திலிருந்தே அது எடுக்கிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகள் மாவுச்சத்துப் புள்ளிகளின் அடிப்படையில் மரவள்ளிக்கு விலை வைக்கின்றன. எனவே வறட்சி, மரவள்ளி விவசாயியிடமிருந்து எடையில் ஒரு முறையும் புள்ளியில் மறு முறையும் பணத்தைப் பறிக்கிறது.

உயிர் ஊக்கி எது, உரம் எது?

உரம் செடிக்கு உணவு தருகிறது. பூச்சிக்கொல்லி எதிரியை அழிக்கிறது. உயிர் ஊக்கியின் வேலை வேறு. செடியின் உடலியல் செயல்பாடுகளைத் தூண்டி, மண்ணிலுள்ள சத்தை நன்கு எடுக்கவும், வெப்பம், வறட்சி, உவர் போன்ற நெருக்கடிகளைத் தாங்கவும் அது உதவ வேண்டும். அதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது பொருட்டன்று. 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985-இல் செய்யப்பட்ட திருத்தம் ஏறத்தாழ இந்த விளக்கத்தையே தருகிறது.

அந்த ஆணை உயிர் ஊக்கிகளை எட்டு வகைகளாகப் பிரிக்கிறது. கடல்பாசிச் சாறு உள்ளிட்ட தாவரச் சாறுகள், உயிர் வேதிப்பொருட்கள், புரதச் சிதைவுப் பொருட்களும் அமினோ அமிலங்களும், வைட்டமின்கள், உயிரணு நீக்கிய நுண்ணுயிர்ப் பொருட்கள், ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், நீராவிப்போக்குத் தடுப்பான்கள், ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள் ஆகியவையே அவை. வேர் உட்பூசணம் எனப்படும் மைக்கோரைசா போன்ற உயிர் உரங்களுக்கு அதே ஆணையில் தனி அட்டவணை உள்ளது. கடை அலமாரியில் இவை அனைத்தும் அருகருகே நிற்பதால், எதை வாங்குகிறோம் என்பதில் விவசாயிக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு.

செடிக்குள் நடப்பது என்ன?

மண்ணில் ஈரம் குறையும்போது, வேர் அனுப்பும் வேதிச் செய்தியை ஏற்று இலைத்துளைகள் மூடுகின்றன. நீர் இழப்பு குறைகிறது. ஆனால் உள்ளே வரும் ஒளியைப் பயன்படுத்த முடியாமல், உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவற்றைச் சமாளிக்கச் செடி தனக்குள் புரோலின், பீட்டைன் போன்ற பொருட்களைச் சேர்த்து, உயிரணுவில் நீரைப் பிடித்து வைக்கிறது. நச்சு மூலக்கூறுகளை முறிக்கும் நொதிகளையும் தயாரிக்கிறது.

கடல்பாசிச் சாற்றிலுள்ள சிறு சர்க்கரைத் தொடர்களும், பீட்டைனும், வளர்ச்சி ஊக்கிகளும் இந்தத் தற்காப்பை முன்கூட்டியே தொடங்கிவைக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஹியூமிக் அமிலம் வேர்ச் செல்களின் சவ்விலுள்ள ஒரு நொதியைத் தூண்டி, பக்க வேர்கள் பெருக வழிசெய்கிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான், இலைத்துளைகளை ஓரளவு மூடச் செய்து நீர்ச் செலவைக் குறைக்கிறது. மைக்கோரைசாவின் நுண்ணிய இழைகள், வேர் நுழைய முடியாத மண் இடுக்குகளிலிருந்து ஈரத்தையும் மணிச்சத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதுவும் நீரை உருவாக்குவதில்லை. இருக்கும் ஈரத்தைச் செடி இன்னும் சில நாட்கள் சிக்கனமாகப் பயன்படுத்த உதவுகின்றன. மண் முற்றிலும் வறண்டு, இலைகள் வாடிச் சுருண்ட பிறகு தெளிக்கப்படும் சாறு உள்ளே செல்வதே கடினம். மரவள்ளி இலைகளை உதிர்த்துவிட்டால், தெளிப்பதற்கு இலையே இருக்காது. எனவே இவை வறட்சிக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடு. வறட்சி முற்றிய பின் கொடுக்கும் சிகிச்சையாக இவற்றைக் கருத இயலாது.

மண்டபம் கடலிலிருந்து வயல் வரை

இந்தியாவின் கடல்பாசிச் சாற்றுக்கு ராமநாதபுரம் கடற்கரையுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், கப்பாபைகஸ் என்ற சிவப்புக் கடல்பாசியை 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மண்டபத்திலுள்ள அதன் நிலையம் வளர்ப்பு முறைகளை உருவாக்கியது. பச்சைப் பாசியைப் பிழிந்து சாற்றைப் பயிருக்கும், எஞ்சும் பகுதியைக் கராஜீனன் என்ற உணவுத்துறைப் பொருளுக்கும் பயன்படுத்தும் தொழில்நுட்பமும் இந்நிறுவனத்துடையதே. மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பது, மீனவக் குடும்பங்களைச் சேர்ந்த பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கு வருவாய் தரும் தொழிலாக மாறியது.

இந்தத் தொழிலும் வெப்பத்திலிருந்து தப்பவில்லை. 2013-14 காலகட்டத்தில் கடல்நீரின் வெப்பம் உயர்ந்ததால், தமிழகக் கடற்கரையில் கப்பாபைகஸ் பயிர் பெருமளவு அழிந்தது. வயலின் வறட்சியைத் தணிக்க உதவும் பொருளே கடலின் வெப்பத்துக்குப் பலியானது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இப்பாசி பவளப்பாறைகள் மீது படர்ந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு, சூழலியல் எச்சரிக்கையாகவும் அமைந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டுள்ள நிலையில், உற்பத்தியைப் பெருக்கும்போது இவ்விரு அனுபவங்களையும் மறந்துவிடக் கூடாது.

சராசரி எண்ணுக்குப் பின்னால்

வயல்வெளியில் கிடைத்த பலன் எவ்வளவு? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 180 வயல் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, உயிர் ஊக்கிகளால் கிடைத்த சராசரி விளைச்சல் உயர்வு 17.9 சதவீதம். வறண்ட காலநிலைகளிலும் காய்கறிப் பயிர்களிலும் பலன் கூடுதலாக இருந்தது. அங்ககச் சத்து குறைந்த மண், மணற்பாங்கான மண், உவர் மண் ஆகியவற்றிலும் விளைவு சிறப்பாகத் தெரிந்தது.

இந்த எண்ணை இரண்டு எச்சரிக்கைகளுடன் படிக்க வேண்டும். பலன் கிடைத்த ஆய்வுகளே பெரும்பாலும் இதழ்களில் வெளியாகின்றன; பலன் தராதவை கோப்புகளிலேயே தங்கிவிடுகின்றன. எனவே உண்மையான சராசரி இதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்ததாக, நலிந்த மண்ணில் பலன் கூடுதல் என்ற முடிவைக் கவனிக்க வேண்டும். அங்ககச் சத்து நிறைந்த மண் தானாகவே செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் இந்தச் சாறுகள் செய்கின்றன என்று இதற்குப் பொருள்கொள்ள இடமுண்டு. அப்படியானால் தொழுவுரமும் மூடாக்கும் இடாத நிலத்தில் ஆண்டுதோறும் டானிக் வாங்குவது, மண்ணின் குறையைப் பணம் கொடுத்துத் தள்ளிப்போடுவதாகவே முடியும்.

கணக்கும் எளிதானதே. ஓர் ஏக்கர் மரவள்ளிக்கு ஊக்கி வாங்கவும் தெளிக்கவும் 1,800 ரூபாய் செலவாகிறது என்றும், கிழங்கு டன் 6,000 ரூபாய்க்கு விற்கிறது என்றும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கூடுதலாக 300 கிலோ விளைந்தால்தான் செலவு ஈடாகும். ஏக்கருக்கு 10 டன் விளையும் நிலத்தில் இது 3 சதவீத உயர்வு. வறட்சியால் 5 டன்னாகக் குறைந்த நிலத்தில் 6 சதவீத உயர்வு தேவை. விலை சரிந்தால் இந்த எல்லை இன்னும் மேலே செல்லும். ஊக்கி மிகவும் தேவைப்படும் ஆண்டிலேயே அதன் செலவை மீட்பதும் கடினமாகிறது.

30,000-இலிருந்து 650 வரை

2021 திருத்தத்துக்கு முன்பு, உயிர் ஊக்கிகளுக்கென்று நாட்டில் தனிச் சட்ட விதி இல்லை. உரமும் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை என்ற இடைவெளியில் சந்தை வளர்ந்தது. திருத்தத்துக்குப் பின், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்குத் தற்காலிகப் பதிவு வழங்கப்பட்டு, அதன் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. அந்தச் சலுகை 2025 ஜூன் 16 அன்று முடிவுக்கு வந்தது.

அதற்கு அடுத்த மாதம் அமைச்சர் சவுகான் வெளியிட்ட விவரங்களின்படி, 30,000 என்றிருந்த பொருட்களின் எண்ணிக்கை கடந்த நான்கு ஆண்டுகளில் சுமார் 8,000 ஆகவும், கண்டிப்பான சோதனைகளுக்குப் பின் சுமார் 650 ஆகவும் குறைந்தது. மானிய உரத்துடன் நானோ உரத்தையும் உயிர் ஊக்கியையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று விவசாயிகளைக் கட்டாயப்படுத்துவதை உடனே நிறுத்துமாறு மாநில முதலமைச்சர்களுக்கு அவர் கடிதமும் எழுதினார். யூரியா வாங்கச் சென்றவர் தாம் கேட்காத பாட்டிலையும் சுமந்து திரும்பிய நிலைக்கு, அரசே அளித்த ஒப்புதலாக அக்கடிதத்தைக் கொள்ளலாம்.

2025 செப்டம்பர் இறுதியில், கோழி இறகு, மாட்டுத் தோல் போன்ற விலங்கு மூலங்களிலிருந்து தயாரிக்கப்படும் 11 உயிர் ஊக்கிகளுக்கான அனுமதியையும் மத்திய அரசு விலக்கிக்கொண்டது. 'இயற்கை' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை மூலப்பொருட்கள் அடங்கியிருந்தன என்பதை அந்த அறிவிப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

சட்டம் இன்னும் கேட்காத கேள்வி

எண்ணிக்கை குறைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் எஞ்சியிருப்பவை வறட்சியில் கிழங்குப் பயிருக்கு உதவும் என்று அதனால் உறுதியாகிவிடாது. புதிய விதிகளின்படி, ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க மூன்று வேளாண் சூழல் பகுதிகளில் குறைந்தது ஒரு பருவம் வயல் சோதனை நடத்திய விவரங்களையும் நச்சுத்தன்மைச் சோதனை முடிவுகளையும் அளிக்க வேண்டும். அனுமதியும் குறிப்பிட்ட பயிருக்கும் அளவுக்கும் உரியதாகவே வழங்கப்படுகிறது.

தக்காளி போன்ற குறுகிய காலப் பயிருக்கு ஒரு பருவச் சோதனை ஓரளவு போதுமானதாக இருக்கலாம். மரவள்ளி 8 முதல் 10 மாதங்கள் நிலத்தில் நிற்கும் பயிர். சோதனை நடந்த பருவத்தில் நல்ல மழை பெய்திருந்தால், அந்த முடிவு வறட்சியைப் பற்றி எதையும் சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜூலை 16 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறை, பெயர்ச்சீட்டில் கூறப்படும் விளைவை, அதே சீட்டில் குறிப்பிடப்படும் பயிர்களில் காட்டியாக வேண்டும் என்கிறது. வறட்சி போன்ற நெருக்கடிகளைத் தாங்கும் திறன் என்பது அங்கே தனியாக மெய்ப்பிக்க வேண்டிய ஒரு கூற்று. 'விளைச்சலைக் கூட்டும்' என்று காட்டிவிட்டு, 'வறட்சியைத் தாங்கும்' என்று விற்க இடமில்லாத அந்த ஏற்பாடு, மழையை நம்பியே பெருமளவு சாகுபடி நடக்கும் இந்தியாவுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

அத்தகைய சோதனைக்கான கட்டமைப்பு நாட்டில் உள்ளது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, சர்க்கரைவள்ளி உற்பத்தியில் முன்னணியில் உள்ள ஒடிசாவின் புவனேசுவரத்தில் மண்டல மையம் உண்டு. சிம்லாவில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனமும், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும் செயல்படுகின்றன. மானாவாரி நிலத்தில், நீர் தடுக்கப்பட்ட பாத்திகளில், இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடத்தப்படும் பொதுச் சோதனையின் முடிவுகள் மாநில மொழிகளில் வெளியானால், உரக்கடைப் பரிந்துரையை மட்டும் நம்பும் நிலை மாறும்.

விவசாயி செய்யக்கூடியவை

அதுவரை, வாங்குவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பது பயன்தரும். பெயர்ச்சீட்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அனுமதி பெற்ற விவரம் உள்ளதா? தாம் பயிரிடும் பயிரின் பெயரும் அளவும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளனவா? தயாரிப்பு, காலாவதித் தேதிகள் தெளிவாக உள்ளனவா? கடைக்காரர் ரசீது தருகிறாரா? இவற்றில் ஒன்றுக்கேனும் பதில் இல்லையெனில், அந்தப் பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது.

பயன்படுத்தும் காலமும் முக்கியம். மரவள்ளிக் கரணை, சர்க்கரைவள்ளிக் கொடித்துண்டு, உருளை விதைக்கிழங்கு ஆகியவற்றை நடவுக்கு முன் நேர்த்தி செய்வதும், கிழங்கு பிடிக்கும் பருவத்தில் மண்ணில் ஈரம் இருக்கும்போதே தெளிப்பதும் பலனுக்கான வாய்ப்பைக் கூட்டும். தெளிப்பு காலையிலோ மாலையிலோ அமைய வேண்டும். பெயர்ச்சீட்டில் உள்ள அளவை மீறுவதால் நன்மை கூடாது. தொழுவுரம், மூடாக்கு, பாத்தி அமைப்பு, வாய்ப்புள்ள இடங்களில் சொட்டுநீர் ஆகியவற்றைச் செய்த பிறகே ஊக்கிக்கான செலவைப் பற்றி எண்ண வேண்டும்.

அனைத்துக்கும் மேலாக, தன் நிலத்திலேயே சான்று தேடும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரே மண், ஒரே இரகம், ஒரே நடவு நாள் உள்ள வயலில் நான்கு வரிசைகளைத் தெளிக்காமல் விட்டு, அறுவடையின்போது இரு பகுதிகளின் கிழங்கையும் தனித்தனியே எடை போட வேண்டும். மரவள்ளியாக இருந்தால் மாவுச்சத்துப் புள்ளியையும் குறித்துக்கொள்ள வேண்டும். வேறுபாடு செலவைவிடக் கூடுதலாக இருந்தால் அடுத்த பருவத்திலும் வாங்கலாம், இல்லையெனில் நிறுத்திவிடலாம்.

கடல்பாசியும் மண்ணின் நுண்ணுயிர்களும் பயிருக்குத் துணை நிற்கும் என்பதில் ஐயமில்லை. அந்தத் துணை எந்தப் பயிருக்கு, எத்தனை நாட்களுக்கு, என்ன விலையில் கிடைக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு விற்பவருக்கும் அனுமதி அளிப்பவருக்கும் உண்டு. 30,000 பொருட்களை 650 ஆகக் குறைத்த அரசு, எஞ்சியவற்றுள் எவை மழையற்ற மூன்று வாரங்களில் ஒரு கிழங்குச் செடியை உண்மையில் காக்கும் என்பதையும் சோதித்துச் சொன்னால், அடுத்த வறண்ட ஆகஸ்டை விவசாயி சற்று நிதானத்துடன் எதிர்கொள்ள முடியும்.